உலகம்மைக்குப் பச்சை ஆகாது

உட்காருங்க அக்கா. மேடம்னு கூப்பிட்டா வேற யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு, அக்கான்னே சொல்லிக்கிறேன். எங்க அத்தான் மில்லுக்குப் போயிருக்காங்க. என் வீட்டுக்காரருக்கு மூத்த அண்ணன், இந்த வீட்டுல அவங்க வச்சதுதான் சட்டம். அவங்க வந்துதான் வீட்டைச் சுத்திக் காட்டணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதுவரைக்கும் நான் இந்த மொச்சையை உரிக்கிறேன், நீங்க காப்பியைக் குடிங்க. பாப்பா உள்ளே தூங்குறா. எந்திரிச்சான்னா நம்மளை நாலு வார்த்தை பேச விட மாட்டா.

பேய்ப் படமாமே? உங்க டிரைவர் அண்ணன் சொன்னார். ஒரு பெரிய வீடாம், அதுல அண்ணன் தங்கச்சிங்களாம், எல்லாரும் சேர்ந்து குடும்பத்து விஷயம் ஒண்ணை மறைக்கிறாங்களாம், அது பேயா வந்து நிக்குமாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இந்த வீட்டுல பேய் எல்லாம் கிடையாது அக்கா. இருந்திருந்தா இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டிருப்பேன்.

ஆனா ஒண்ணு, முன்கூட்டியே சொல்லிடுறேன். முற்றம், மாடி, அதுக்கு மேல மொட்டைத் தட்டட்டி, எங்க வேணும்னாலும் கேமராவை வைங்க. அந்தத் தென்மேற்கு மூலையில பூட்டுப் போட்ட அறை இருக்கு பாருங்க, அது மட்டும் கிடைக்காது. அது கன்னி அறை.

உங்க பக்கம் இந்த வழக்கம் உண்டா? எங்க பக்கத்துல, கல்யாணம் ஆகாம ஒரு பிள்ளை செத்துப்போனா, அவ அந்த வீட்டுக்குச் சாமி. கன்னி மூலையில உத்தரத்துல ஒரு ஓலைப்பெட்டியைக் கட்டித் தொங்க விட்டு, அதுல புதுச் சேலை, வளையல், கண்மை, ரிப்பன் எல்லாம் வைப்பாங்க. வருஷா வருஷம் தை கடைசி வெள்ளிக்கு இறக்கி, பழைய சேலையை எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். வைக்கலைன்னா அவ கோவிச்சுக்கிடுவா, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், பசு பால் மறக்கும். எங்க அம்மா வீட்டுலயும் ஒரு கன்னி உண்டு. அதனால கல்யாணமாகி இங்க வந்தப்போ எனக்கு இது புதுசா தெரியலை.

இங்க கன்னி பேரு உலகம்மை. என் வீட்டுக்காரர் குத்தாலிங்கத்துக்கு நேர் மூத்த அக்கா. அவளுக்கும் மூத்தவங்க என் பெரிய நாத்தனார், பிரமு மைனி. மைனிக்குக் கல்யாணம் ஆகலை, வீடே கதின்னு இருக்காங்க. எல்லாருக்கும் மூத்தவங்க ஆவுடையப்ப அத்தான். உலகம்மை செத்து இருபத்திமூணு வருஷம். செத்தப்போ இருபது வயசு, நல்ல சிவப்பு, வாய்த்துடுக்கு ஜாஸ்தின்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க.

எப்படிச் செத்தாங்கன்னு நான் வந்த புதுசுல கேட்டேன். புது மருமக, குடும்பத்து விவரம் தெரிஞ்சுக்கிடணும்ல? அத்தான்கிட்ட கேட்டா, அம்பாசமுத்திரத்துல சித்தி வீட்டுக்குப் போயிருந்தப்போ பாம்பு கடிச்சுட்டுன்னாங்க. மைனிகிட்ட கேட்டா மஞ்சக் காமாலைன்னாங்க. ராத்திரி இவங்ககிட்ட கேட்டா, ஆத்துல குளிக்கப் போன இடத்துலன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. நான் என்ன நினைச்சேன்னா, பாவம், அதிர்ச்சியில ஆளுக்கு ஒரு மாதிரி ஞாபகம் வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். எங்க அப்பா செத்தப்போ அன்னைக்கு என்ன கிழமைன்னு எனக்கே மறந்துபோச்சு.

இன்னொண்ணும் கவனிச்சேன். மாமனாருக்குத் திவசம் உண்டு, மாமியாருக்கு உண்டு. உலகம்மைக்கு மட்டும் செத்த நாளே கிடையாது. சாமிக்கு எதுக்குத் திவசம்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். எனக்கு எதையும் மனசுல போட்டு உழப்பத் தெரியாது அக்கா. பத்தாவது வரைக்கும் எங்க ஊரு ஸ்கூல்ல படிச்சேன், அங்கேயும் டீச்சர் இதையேதான் சொல்லும். வடிவுக்குக் கேள்வியும் தெரியும், பதிலும் தெரியும், ரெண்டையும் சேர்க்க மட்டும் தெரியாதுன்னு.

கல்யாணமாகி மூணு வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. அதைப் பத்தி இந்த வீட்டுல யாரும் ஒரு சொல் சொன்னதில்லை, அதைச் சொல்லணும். ஊருதான் சொன்னது. கல்யாண வீட்டுல ஆரத்தித் தட்டைத் தொடப் போனா, 'நீ இரு தாயி, அவ எடுக்கட்டும்'பாங்க. சிரிச்சுக்கிட்டே விட்டுக்கொடுத்துடுவேன். வீட்டுக்கு வந்து அரிசிப் பானைக்குள்ள தலையை விட்டு அழுவேன். சத்தம் வெளியே கேக்காது பாருங்க.

அப்ப ஒரு வெள்ளிக்கிழமை. காலையில பதினோரு மணி இருக்கும். வெள்ளிக்கு வெள்ளி மைனி கன்னி அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் பூசை பண்ணுவாங்க. கூடப்பிறந்தவங்க தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. நான் அந்த ஜன்னலுக்கு வெளியே மிளகா வத்தல் காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். உள்ளே மைனி பேசுறது கேட்டது.

"வடிவுக்கு இன்னும் ஒண்ணும் இல்லட்டி. அவளப் பாத்தா பாவமா இருக்கு. வெளிய காட்டிக்கிட மாட்டுக்கா."

சாமிகிட்ட நமக்காகப் பேசுறாங்களேன்னு எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அடுத்தாப்புல பதில் வந்தது அக்கா. சத்தியமா. மெலிசா, பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஒரு பொம்பளைக் குரல்.

"பிறக்கும், பிறக்கும். பறந்தா ஆகுமா? பொம்பளப் பிள்ளதான், எழுதி வச்சிக்கோ. எம் பேரத்தான் வைக்கணும்னு சொல்லு அவகிட்ட."

வத்தல் மேலயே விழுந்து கும்பிட்டேன். ரெண்டு நாளைக்கு உடம்பெல்லாம் எரிச்சல்.

அடுத்த மாசம் நாள் தள்ளிப்போச்சு.

நீங்களே சொல்லுங்க, இதை எப்படி அக்கா வாய்க்குள்ள வச்சிருக்க முடியும்? அன்னைக்கே குழாயடியில சொல்லிட்டேன். பேச்சியம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு பேரு வாசல்ல நிக்காங்க, எலுமிச்சம்பழமும் பூவுமா. மைனி முகம் செத்துப்போச்சு. "என்ன காரியம்ட்டி பண்ணியிருக்க"ன்னு என் கையைப் பிடிச்சுக் கிள்ளினாங்க. சாமி ரகசியத்தை வெளியே விட்டது அவங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன். அத்தானும் முதல்ல குதிச்சாங்க. ஆனா ஊர்த்தலைவரே துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வந்து, "ஆவுடையப்பா, ஒங்க வீட்டுப் பிள்ள ஊருக்கே தெய்வமா நிக்கா"ன்னு சொன்னதும் அமைதியாயிட்டாங்க. அதுக்கு முன்னால அத்தான் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனா ஒரு ஓரமா நின்னுட்டு வந்துடுவாங்க. அந்த வருஷம் முதல் மாலை அவங்களுக்குத்தான். வீட்டுக்கு வந்து மாலையைக் கழட்டாமலே சாப்பிட்டாங்க.

எனக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்தது. உலகம்மைன்னு பேர் வச்சோம். அதுக்கப்புறம் கேட்கணுமா? வெள்ளிக்கிழமைன்னா முற்றம் நிறைஞ்சிடும். தொட்டில் கட்டுறவங்க, வரன் கேக்குறவங்க, மாடு காணாமப் போனவங்க. மைனி உள்ளே போவாங்க, கதவைச் சாத்துவாங்க, வெளியே ஜனம் மூச்சு விடாம நிக்கும். குரல் கேக்கும், என்ன சொல்லுதுன்னு தெரியாது. மைனி வந்து சொல்லுவாங்க. பாதிக்குப் பாதி பலிக்கும். பலிக்காதவங்களை நான் உட்கார வச்சு, உங்க வேண்டுதல்ல, நேர்ச்சையில என்ன குறைன்னு விசாரிப்பேன். பந்தி போடுறது, விபூதி மடிக்கிறது, செருப்பை வரிசையா வைக்கச் சொல்லுறது எல்லாம் நான்தான். எனக்கு அது பிடிக்கும் அக்கா. ஒரு காலத்துல ஆரத்தித் தட்டைத் தொட விடாதவங்க, என் கையால விபூதி வாங்கிட்டுப் போறாங்கள்ல?

போன வருஷம் கார்த்திகைக்குப் பிறகு சாமி குரல் கம்மிப்போச்சு. சில வெள்ளி ரெண்டு வார்த்தையோட சரி. ஒரு நாள் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிக்கேன், உள்ளே அழுகைச் சத்தம். எந்தக் குரல் அழுதுதுன்னு பிரிக்க முடியலை. எனக்குப் பயம் வந்துட்டு, கன்னிக்கு ஏதோ குறை வச்சுட்டோம்னு. அத்தான்கிட்ட சொன்னேன். அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "பொங்கல் வச்சிருவோம்"னாங்க. மூணு படி அரிசி போட்டுப் பொங்கல் வச்சோம். மைனி அதுல ஒரு பருக்கை தொடலை.

இப்ப சொல்லப் போறதை நீங்க படத்துல வச்சுடாதீங்க. நீங்க மெட்ராஸ்காரங்க, நாளைக்குப் போயிடுவீங்கங்கிற தைரியத்துல சொல்றேன்.

பங்குனி ரெண்டாவது வெள்ளி. நல்ல வெயில். முற்றத்துல அஞ்சு குடும்பம் தொட்டில் கட்ட வந்திருந்தது. மினிபஸ் போன கொஞ்ச நேரத்துல வாசப்படியில ஒரு அம்மா வந்து உட்கார்ந்தாங்க. எலும்பும் தோலுமா, தலையில ஒரு துணியைச் சுத்திக்கிட்டு, கையில ஒரு மஞ்சப்பை. நேர்ச்சைக்கு வந்தவங்கன்னு நினைச்சு ஒரு சொம்பு தண்ணி கொடுத்தேன். அண்ணாந்து குடிக்கத் தெம்பில்லை, வாய் வச்சுக் குடிச்சாங்க. அதுக்குள்ள பாப்பா விளக்குகிட்ட போறா. நான் கத்தினேன்.

"ஏட்டி உலகம்மா! இங்க வாட்டி!"

பாப்பா திரும்பலை. அந்த அம்மா, "ம்"னு சொல்லிட்டு எந்திரிச்சாங்க.

சொம்போட அப்படியே நின்னாங்க. நானும் நின்னேன். அந்த நேரத்துல பிரமு மைனி அரிசி புடைக்கிற சுளகோட வெளியே வந்தாங்க. சுளகு கீழே விழுந்துட்டு. "வராதேன்னு சொன்னேனேட்டி, வராதேன்னு சொன்னேனே"ன்னுக்கிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கிட்டாங்க. நல்லவேளை, ஜனமெல்லாம் தொட்டில் கட்டுற மும்முரத்துல இருந்தது. ரெண்டு பேரையும் இழுத்து அடுப்பாங்கரைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்தினேன். அங்க வச்சுத்தான் மைனி எல்லாத்தையும் சொன்னாங்க, ஒரே மூச்சுல, அரிசி மூட்டை கிழிஞ்ச மாதிரி.

அவ சாகவே இல்லை அக்கா. கிணத்துக்கு மோட்டார் மாட்ட வந்த ஒருத்தன்கூடப் போயிட்டா. வேற ஜாதி. மாமனார் மூணு நாள் வீட்டைப் பூட்டிக்கிட்டு உள்ளேயே இருந்தாராம். நாலாம் நாள் வெளியே வந்து, போன இடத்துல பிள்ளை செத்துட்டான்னு சொல்லிட்டார். ஊரு துக்கம் கேட்க வந்துட்டு. சொன்னதோட நின்னிருந்தா அது ஒரு பொய். ஆனா எங்க வழக்கம்தான் சொன்னேனே. கல்யாணம் ஆகாத பிள்ளை செத்தா, கன்னிக்குப் பெட்டி கட்டணும். கட்டலைன்னா, ஏன் கட்டலைன்னு ஊரு கேக்கும். அதனால கட்டினாங்க. கட்டின பிறகு, வருஷா வருஷம் சேலை வைக்கலைன்னா கேக்கும். அதனால வச்சாங்க. கும்பிடலைன்னா கேக்கும். கும்பிட்டாங்க. பதிமூணு வயசுப் பையனா என் வீட்டுக்காரரும் நின்னு கும்பிட்டிருக்காங்க.

மாமனார் செத்த செய்தி எப்படியோ காதுல விழுந்து, பால் சொசைட்டி போனுக்கு மைனியைக் கூப்பிட்டிருக்கா அவ. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. புருஷன் செத்துட்டான், பிள்ளை இல்லை. அதுல இருந்து வெள்ளிக்கு வெள்ளி அந்த அறைக்குள்ள போய் மைனி ஒரு பட்டன் போன்ல ஸ்பீக்கர் போட்டுப் பேசியிருக்காங்க. பூசையும் அதுதான், சாமி குரலும் அதுதான். அத்தானுக்கு இந்த போன் விஷயம் தெரியாது.

நான் அடுப்பு மேடையில உட்கார்ந்துட்டேன். எனக்கு முதல்ல வந்த நினைப்பு என்ன தெரியுமா? அப்ப என் பிள்ளை யாரு கொடுத்தது?

அவ என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. "நீதான் வடிவா? பிள்ள பிறக்கும்னு நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன் பிள்ள. நீ அத ஊரெல்லாம் சொல்லி என்னைக் கொன்னுட்டியே"ன்னு சிரிச்சா. கோவமா சொல்லலை, விளையாட்டாத்தான் சொன்னா. ஊருல நடக்குறது எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. "மேலத்தெரு பேச்சி மகளுக்கு நான் சொன்ன வரன்தானே முடிஞ்சது? மாப்பிள்ள எப்படி, குடிக்கானா?"ன்னு விசாரிக்கா. வயித்துல கட்டி, ஆஸ்பத்திரியில கைவிட்டுட்டாங்க, அப்பவும் விசாரிக்கா.

மைனி என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. "இன்னும் எத்தன நாளோ தெரியல. ஒன் ரூம்ல ஒரு ஓரமா கெடக்கட்டும் வடிவு. அவ பிறந்த வீட்டுல அவ சாகட்டும். அண்ணன்கிட்ட நீ சொன்னா கேப்பாக. ஒம் பேச்சுன்னா கேப்பாக."

யோசிச்சுப் பார்த்தேன் அக்கா. நான் எதையும் யோசிக்காம செய்யலை. முற்றத்துல அஞ்சு குடும்பம். தெருவுல இன்னும் எத்தனையோ. உயிரோட இருக்கிறவளையா இத்தனை வருஷம் கும்பிட்டோம்னு ஊரு கேட்டா, அத்தான் எங்க போய் நிப்பாங்க? பூச்சி மருந்தைக் குடிச்சுடுவாங்க. என் பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்கப் போறோம், சாமி கொடுத்த பிள்ளைன்னு இப்ப எல்லாரும் தூக்கிக் கொஞ்சுறாங்க. நாளைக்கு ஓடிப்போனவ பேரை வச்ச பிள்ளைம்பாங்க. அவ இன்னும் ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. என் பிள்ளை வாழணுமே.

"இருக்கட்டும் மைனி, முதல்ல சாப்பிடட்டும்"னு சொன்னேன்.

தலைத்துணியைச் சரியாக் கட்டிவிட்டு, முற்றத்துப் பந்தியில உட்கார வச்சேன், திருப்பூர்ல இருந்து நேர்ச்சைக்கு வந்தவங்கன்னு சொல்லி. சாம்பார், அவியல், பாயாசம், எல்லாம் என் கையால போட்டேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த கிழவி, "என்ன நேர்ச்சைம்மா"ன்னு கேட்டா. "வீட்டுக்குப் போவணும்னு"ன்னா இவ. "போயிருவ தாயி, இந்தக் கன்னி கேட்டதக் குடுக்காம விட மாட்டா"ன்னு கிழவி அவ முதுகைத் தடவிக் கொடுத்தா. இவ இலையைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தா, சோறு உள்ளே போகலை. விபூதியும் நான்தான் கொடுத்தேன். எல்லாருக்கும் கொடுத்துட்டு இவளுக்கு மட்டும் கொடுக்காம இருந்தா சந்தேகம் வருமே. கையை நீட்டி வாங்கிக்கிட்டா.

ஒண்ணே ஒண்ணு கேட்டா. அந்தப் பெட்டியைப் பார்க்கணும்னு. ஜனம் கலைஞ்ச நேரமாப் பார்த்து மைனி கதவைத் திறந்தாங்க. அன்னைக்குத்தான் நானும் முதல் முதலா உள்ளே போனேன். கட்டை அவிழ்த்து இறக்கிப் பெட்டியைத் திறந்தாங்க. பச்சைப் பட்டுச் சேலை, கரும்பச்சையில மாம்பழ பார்டர், நான்தான் தென்காசியில பார்த்துப் பார்த்து எடுத்தது.

அவ தொட்டுப் பார்த்துட்டு, "எனக்குப் பச்ச ஆவாதுல்லா பிரமு. மறந்துட்டியாட்டி?"ன்னா.

மைனி வாயைப் பொத்திக்கிட்டுச் சுவரோரமா உட்கார்ந்துட்டாங்க. இருபத்திமூணு வருஷமாப் பச்சைதான் வைக்கோம், கன்னிக்குப் பச்சைதான் பிடிக்கும்னு அத்தான் சொல்லி. அது உலகம்மைக்குப் பிடிச்ச நிறம் இல்லை, மாமனாருக்குப் பிடிச்ச நிறமாம்.

அத்தான் அஞ்சு மணிக்கு வருவாங்க. மூணு மணி பஸ்ஸுல ஏத்திவிட்டுடலாம்னு நான்தான் சொன்னேன். மைனி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, சரி, அதை விடுங்க. யாராவது ஒருத்தர் காரியத்தைப் பார்க்கணும்ல? அவ பாப்பா கன்னத்தைத் தொட்டு, "எம் பேரு வச்சிருக்க, ஓடிராத என்ன?"ன்னா. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நான்தான் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனேன். ஜன்னல் ஓரமா சீட்டு பிடிச்சு உட்கார வச்சேன். மோர் ஒரு பாட்டில்ல கொடுத்தேன். "நீ நல்ல பிள்ள"ன்னா அக்கா. அவ வாயாலேயே சொன்னா. அதனாலதான் எனக்கு மனசுல ஒரு உறுத்தலும் இல்லை.

மூணு வாரம் கழிச்சு, மதியம் எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், மைனி மடியில இருந்து போன் அடிச்சது. அப்படி ஒரு போன் இருக்கிறதே அத்தானுக்கு அப்பத்தான் தெரியும். மைனி எடுத்துக் கேட்டாங்க, கையில சோறு, அப்படியே சாய்ஞ்சுட்டாங்க. அத்தான் போனை வாங்கிக் காதுல வச்சாங்க. அவ போய்ச் சேர்ந்துட்டா, சொந்தக்காரங்க வந்தா எடுக்கலாம், சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கோம்னு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை சொல்லுது. பக்கத்துல இருந்த எனக்கே கேட்டது.

"ராங் நம்பர்"னு சொல்லி வச்சாங்க அத்தான்.

மைனி காலைப் பிடிச்சாங்க. "அண்ணே, நான் மட்டும் போயிட்டு வந்திருதேன். மூஞ்சிய மட்டும் பாத்துட்டு வந்திருதேன்."

"செத்தவ எத்தன தடவ சாவா?"ன்னாங்க அத்தான். அவ்வளவுதான். போன்ல இருந்து சிம்மைக் கழட்டி அடுப்புல போட்டுட்டு, வந்து மிச்சச் சோத்தையும் சாப்பிட்டாங்க. ரசம் வேட்டியில கொட்டுச்சு, ஆனா சாப்பிட்டாங்க. என் வீட்டுக்காரர் எந்திரிச்சு வண்டி கழுவப் போயிட்டாங்க. காலையிலதான் கழுவியிருந்தாங்க. என்ன செய்வாங்க, பாவம்.

மைனி தலை முழுகணும்னாங்க, தீட்டுன்னாங்க. மறுநாள் வெள்ளிக்கிழமை. தீட்டுன்னா வாசல்ல சொல்லணும், யாருக்குன்னு கேப்பாங்க. நான்தான் சொன்னேன், "மைனி, இருபத்திமூணு வருஷத்துக்கு முன்னாலேயே முழுகியாச்சு, ஒரு ஆளுக்கு ரெண்டு தீட்டு உண்டா?"ன்னு. நியாயம்தானே? அதுல இருந்து மைனி என்கூடப் பேசுறதில்லை. யார்கூடவும் பேசுறதில்லை. வெள்ளிக்கிழமை உள்ளே போய் உட்காருறாங்க, உச்சிப்பொழுது வரைக்கும் சத்தமே இல்லை. சாமி ஏன் பேசலைன்னு ஜனம் கேக்குது. பேசினாத்தான் சாமியா, கேட்டுக்கிட்டு இருக்குன்னு நான் சொல்றேன். கூட்டம் குறையலை.

யோசிச்சா ஒரு விதத்துல நல்லதுதான் அக்கா. முன்னாடி உயிரோட இருக்கிறவளைக் கும்பிட்டது தப்பு, அது பொய். இப்பத்தான் அது சரியாயிருக்கு. இனிமே இந்த வீட்டுல ஒளிக்க ஒண்ணும் இல்லை.

அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன், போன வெள்ளிக்கிழமை வரைக்கும்.

போன வெள்ளி பந்தி நடந்துக்கிட்டு இருக்கு. அத்தான் அன்னைக்கு மில்லுக்குப் போகலை, முற்றத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. ஒரு அம்மா செருப்பைக்கூடக் கழட்டாம நேரா உள்ளே வந்தது. கையில ஒரு மஞ்சப்பை.

"ஏனுங்க, இதுதானுங்களா உலகம்மாக்கா வூடு?"

பந்தியில இருந்தவங்க, "ஆமாம்மா, இதுதான் கன்னி வீடு, செருப்ப வெளிய விட்டுட்டு வா"ன்னாங்க.

"நான் திருப்பூருங்க. அக்காவுக்குப் பக்கத்து லைன் வூடு. போன் பண்ணினமுங்க, யாரும் வரலை. நாங்களே எடுத்துப் போட்டுட்டோம். முப்பதாம் நாள் முடியறதுக்குள்ள இந்தப் பையைக் கொண்டாந்து வூட்டுல குடுத்துருன்னு அக்கா சொல்லுச்சுங்க."

ஜனத்துக்கு ஒண்ணும் புரியலை. ஒருத்தி சிரிச்சுட்டா. "அவ தெய்வமாயி இருபத்திமூணு வருஷம் ஆச்சும்மா. நீ எந்த உலகம்மையச் சொல்லுத?"

கன்னி அறைக் கதவு திறந்தது. மைனி வந்து நின்னாங்க. பைக்குக் கையை நீட்டினாங்க. அத்தான் நாற்காலியில இருந்து எந்திரிக்கலை, இருமக்கூட இல்லை, திரும்பிப் பார்த்தாங்க, அவ்வளவுதான். நீட்டின கை அப்படியே மடங்கிட்டு.

அந்த அம்மா எல்லார் முகத்தையும் பார்த்துக்கிட்டே வந்து என்கிட்ட நின்னது. என் இடுப்புல பாப்பா.

"நீதான வடிவு? அக்கா சொல்லுச்சு. வூட்டுல வச்சு இலை போட்டுச் சோறு போட்டாளாமா, கையப் புடிச்சு பஸ் ஏத்தி விட்டாளாமா. கண்ணு மூடுற வரைக்கும் ஒம் பேரத்தான் சொல்லிட்டுக் கெடந்துச்சு. நீ சொல்லு கண்ணு. இது அவிய வூடுதான?"

முற்றம் பூராவும் என்னைப் பார்க்கு. பேச்சியம்மா பார்க்கா. அத்தான் தரையைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. மைனி மட்டும் என் வாயையே பார்த்துக்கிட்டு நிக்காங்க, நான் ஒத்த வார்த்தை சொன்னாப் போதும், அந்தப் பையை வாங்கிடுவாங்க.

"இல்லக்கா. நீங்க ஊரு மாறி வந்துட்டிய"ன்னேன்.

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். அந்த அம்மா பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத் திரும்பினது. இவ்வளவு தூரம் வந்தவங்களைப் பட்டினியா அனுப்பலாமா? நான் பின்னாலேயே போய், "பந்தி நடக்குக்கா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு கையைப் பிடிச்சேன்.

உதறிட்டுப் போயிட்டு.